நூறு சதவீத ஏற்றம் என்றால் சுவரா?

ஒரகடத்திலிருந்து எழுதிய வாசகருக்கு,

லாரி விளம்பரத் தாளில் ஏறுதிறன் 'இத்தனை சதவீதம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, "அப்போ நூறு சதவீதம்னா செங்குத்துச் சுவர்" என்று நீங்கள் சொல்ல, பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் "இல்லப்பா, 45 டிகிரிதான்" என்று அடித்துப் பேச, வழக்கு என்னிடம் வந்திருக்கிறது. பட்டறையில் இருபது வருஷம் இரும்பு சீவியவரை ஒரு பள்ளிக்கூடப் பெண் மடக்கிவிட்டாளே என்ற வருத்தம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் சொன்னதுதான் சரி. ஆனால் அப்பீல் போக உங்களுக்கும் இடம் இருக்கிறது.

சாய்வு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. எவ்வளவு உயர்ந்தோம் என்பதை, எவ்வளவு முன்னே போனோம் என்பதால் வகுக்க வேண்டும். முன்னே என்றால் கிடைமட்டமாக, வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிற தூரம். 100 மீட்டர் முன்னே போய் 10 மீட்டர் ஏறினால் 10 சதவீதம். 100 மீட்டர் போய் 100 மீட்டரே ஏறினால் 100 சதவீதம். இரண்டு பக்கமும் சமம் என்பதால் அது ஒரு சதுரத்தின் மூலைவிட்டம், ஆகவே 45 டிகிரி. சதவீதம் நூறோடு நின்றுவிடுவதும் இல்லை. 200 சதவீதத்துக்குக் கோணம் 63.4 டிகிரி, 1000 சதவீதத்துக்கு 84.3. எவ்வளவு ஏற்றிக்கொண்டே போனாலும் சுவர் வராது. சுவரில் முன்னே போகும் தூரம் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க முடியாது.

இப்போது உங்கள் அப்பீல். வண்டியின் ஓடோமீட்டர் காட்டுவது கிடைமட்டத் தூரத்தை அல்ல, சாலையோடு சாய்ந்து ஓடிய தூரத்தை. உயரத்தை அந்தத் தூரத்தால் வகுத்தால், நூறு மீட்டர் ஓடி நூறு மீட்டரும் உயர்வது செங்குத்தாக ஏறினால் மட்டுமே நடக்கும். உங்கள் சுவர் கணக்கு அப்போது சரி! மகள் வகுத்தது டேன் கணக்கு, நீங்கள் மனசில் போட்டது சைன் கணக்கு. சிறிய ஏற்றங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். 10 சதவீதத்தை ஒரு வழியில் போட்டால் 5.71 டிகிரி, இன்னொரு வழியில் 5.74. நம் சாலைகளில் இந்த வித்தியாசத்தை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விளம்பரத் தாளிலும் சாலைப் பலகையிலும் போடுவது டேன் கணக்குதான் என்பதால் கேஸ் மகள் பக்கம்.

ஆபத்தான குழப்பம் வேறொன்று: சதவீதத்தை டிகிரியாகவே படித்துவிடுவது. கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதி 13-எச், பார்க்கிங் பிரேக் முழுச் சுமையோடு 20 சதவீதச் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. அது 11.3 டிகிரி. இதை 20 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் சரிவு 36 சதவீதத்தைத் தாண்டிவிடும். வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய எழுபது சதவீதம் கூடிவிடும். காகிதத்தில் ஒரு குறியைத் தப்பாகப் படித்ததற்கு இவ்வளவு விலை.

சதவீதமும் கோணமும் ஒரே விகிதத்தில் வளர்வதும் இல்லை. 10 சதவீதம் 20 ஆனால் கோணமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 50 சதவீதம் 100 ஆனாலோ கோணம் 26.6-லிருந்து 45-க்குத்தான் போகும். மனக்கணக்காக ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது அடியில் மட்டும் நடக்கும், மேலே போகப் போகக் காலை வாரிவிடும்.

எது நல்ல அளவு என்று கேட்டால், தரையில் வேலை பார்ப்பவருக்குச் சாய்வுதான் என்பேன். 28 டன் லாரி 10 சதவீத ஏற்றத்தில் ஏற, டயரின் உரசல் போன்றவற்றை விட்டுவிட்டால், ஏறக்குறைய 2.8 டன் எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். டிகிரி தெரிந்தால் கால்குலேட்டரைத் தேட வேண்டும், சதவீதம் தெரிந்தால் வாயாலேயே பெருக்கலாம். கோணத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு. சின்னச் சரிவை அது ஒன்றுமில்லாதது போலக் காட்டிவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1-க்கு 12-ஐ மீறக் கூடாது என்பது விதி. டிகிரியில் சொன்னால் 4.8. "அஞ்சு டிகிரிகூட இல்லையே" என்று தோன்றும். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றமும் ஏறக்குறைய அதே 1-க்கு 12 தான். அதில் வழுக்காமல் ஏறத்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் பதித்தார்கள். உங்கள் கேன்டீன் வாசலில் அந்த அளவைத் தாண்டி ஒரு சாய்தளம் இருந்தால், நாற்காலியைத் தள்ளுகிறவரிடம் கேளுங்கள், டிகிரி சொல்லாததை அவர் சொல்வார்.

இன்னும் சிறியதைப் பார்ப்போம். செம்பரம்பாக்கம் ஏரியின் நிறை நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 85.4 அடி, சுமார் 26 மீட்டர். அங்கிருந்து அடையாற்றின் முகத்துவாரம் நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாய்வு ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று. கோணம் 0.06 டிகிரி. ஆறு வளைந்து போவதால் நிஜத்தில் அதைவிடவும் குறைவு. கோணமானியில் கோடே விழாது. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு ஓடியது இந்தச் சரிவில்தான். கொத்தனார் பாத்ரூம் தரைக்குப் 'பத்தடிக்கு ரெண்டு இஞ்சு வாட்டம்' என்று சொல்வாரே ஒழிய, 'ஒரு டிகிரி வை' என்று எந்தக் கொத்தனாரும் சொல்லிக் கேட்டதில்லை. டியூப் லெவலில் தண்ணீர் காட்டும் உயர வித்தியாசம் கையிலேயே இருக்கும்போது கோணம் அவருக்கு எதற்கு?

உங்கள் லேத் மட்டும் பிடிவாதமாக டிகிரி கேட்கும். வெட்டும் உளியைப் பிடித்திருக்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டைத் திருப்ப வேண்டுமே. பெரிய விட்டம் 50 மில்லிமீட்டர், சிறிய விட்டம் 40, நீளம் 100 என்று டிராயிங் வந்தால் டேப்பர் 1-க்கு 10. உடனே 5.7 டிகிரி என்று திருப்புகிற பயிற்சிப் பையன்கள் உண்டு. வித்தியாசமான 10 மில்லிமீட்டர் இரண்டு பக்கமும் பங்காகிறது. ஒரு பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர்தான். 5-ஐ 100-ஆல் வகுத்தால் 0.05, அதற்குரிய கோணம் 2.86 டிகிரி. உங்கள் கை இதைத் தூக்கத்திலும் செய்யும். புத்தகத்தில் m = tan θ என்று மகள் படிப்பதும் இதையேதான். அன்றைக்கு அவளிடம் தோற்றவர், இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்து ஜெயித்துக்கொள்ளலாம்.

மகளுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். கோடு இடமிருந்து வலமாக இறங்கினால் சாய்வு மைனஸில் வரும். சாய்வு −1 என்றால் கால்குலேட்டர் −45 டிகிரி என்று காட்டும். அவள் பாடத்தில் கோணத்தை x அச்சின் வலப்பக்கத்திலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளப்பதால், 180-ஐக் கூட்டி 135 டிகிரி என்று எழுத வேண்டும். செங்குத்துக் கோட்டின் சாய்வைக் கேட்டால் பூஜ்யம் என்றும் எழுத வேண்டாம், முடிவிலி என்றும் எழுத வேண்டாம். 'வரையறுக்கப்படவில்லை' என்று எழுதினால்தான் மதிப்பெண்.