நீரோடைப் பள்ளங்களில் கித்துள் வளர்ப்பு
(உடப்புசல்லாவைப் பகுதிக் கமக்காரர்க்கும் தோட்டக் குடும்பத்தினர்க்கும்)

தேயிலை மலைகளுக்கிடையே ஓடும் நீரோடைகளின் இருமருங்கும் ஈரம் மிகுந்த பள்ளங்கள் பல, பயனின்றிக் கிடக்கின்றன. தேயிலைக்கு ஏற்காத இவ்விடங்களுக்கு இசைந்த மரம் கித்துள் ஆகும். தமிழ் நூல்கள் இதனைக் கூந்தற்பனை என வழங்கும். 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் தாவரவியலறிஞர் இதற்குக் ‘கரியோட்டா யூரன்சு’ எனப் பெயரிட்டார். ‘யூரன்சு’ என்பது ‘எரிக்கும்’ எனப் பொருள்படும். பழச்சதை தோலிற் பட்டால் கடும் அரிப்பு உண்டாவதே இப்பெயரின் காரணம்.

மரத்தின் இயல்பு

கித்துள் கிளைக்காது; பக்கக் கன்றும் ஈனாது. ஏறத்தாழ 10 முதல் 15 ஆண்டுகள் வளர்ந்தபின் உச்சியில் முதற்பாளை தோன்றும். பின்னர் ஒவ்வொரு பாளையாக மேலிருந்து கீழ்நோக்கி வரும். கடைசிப் பாளை முடிந்ததும் மரம் பட்டுவிடும். ஆகவே ஒருமுறை நட்ட மரம் ஒருமுறையே பலன் தரும். ஆண்டுதோறும் சில கன்றுகளையேனும் நட்டு வருபவர்க்கே இடையறாத வருவாய் கிட்டும்.

இடந்தெரிதல்

இம்மரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம் வரை வளரும். உடப்புசல்லாவையின் உயர்ந்த மேடுகளில் குளிரும் காற்றும் மிகையாதலால், காற்றுக்கு ஒதுங்கிய தாழ்ந்த பள்ளங்களையே தெரிவு செய்க. ஈரம் வேண்டும், ஆனால் வேரடியில் நீர் தேங்குதல் ஆகாது. தேங்குமாயின் சிறு கான் வெட்டி நீரை வடியவிடுக.

மரம் 40 முதல் 60 அடி வரை உயரும். பட்டமரம் ஒருநாள் சரிந்தே தீரும். எனவே லயங்கள், வீடுகள், மின்கம்பிகள் ஆகியவற்றுக்கு 60 அடிக்குள் நடவேண்டாம். 7 பேர்ச் வீட்டுக்காணி இதற்குப் போதாது. தோட்டநிலத்தில் நடுமுன் நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்க. இன்று நடுபவரின் பிள்ளையே பாளை சீவுவான். அன்று மரம் யாருடையது என்னும் வழக்கு எழலாகாது.

நாற்று உண்டாக்கல்

நன்றாகப் பதநீர் தந்த மரங்கள் உள்ள இடங்களிலிருந்து, செந்நிறமாகப் பழுத்த பழங்களைச் சேகரிக்குக. வெறுங்கையால் தொடாது கையுறை அணிந்து, மணலுடன் பிசைந்து, சதை நீங்கக் கழுவுக. சிறுவர்களை இவ்வேலைக்கு விடலாகாது. விதையை உலரவைக்காமல் உடனே நிழலிலுள்ள மணல்மேடையில் 1 அங்குல ஆழத்தில் ஊன்றி, நாள்தோறும் ஈரம் காக்க. முளைக்க மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். சில விதைகள் அதற்கும் மேல் தாமதிக்கும். முளைக்கவில்லையென மேடையைக் கலைத்துவிட வேண்டாம். முளைத்தவற்றை ஆழமான பொலித்தீன் பைகளுக்கு மாற்றுக.

நடுகை

இப்பகுதிக்கு வடகீழ்ப் பருவமழையே பெருமழை. ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும். ஆதலின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நட்டால் வறட்சி வருமுன் வேர் ஊன்றிவிடும். 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளை 15 அடி இடைவெளியில் வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்புக. மூன்று, நான்கு இலை விட்ட கன்றுகளை நடுக. அடியில் உலர்ந்த புல்லைப் பரப்பி மூடுக, தண்டைத் தொடவிடாதீர். முதலிரண்டு ஆண்டுகள் சிறிது நிழல் நன்று.

காப்பு

முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் இளங்கன்றின் அடியைக் கிழித்துத் தின்னும். கன்றைச் சுற்றி வலுவான வேலி இடுக. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் குருத்தையும் தண்டையும் துளைக்கும். பட்டமரங்களை வெட்டி அகற்றினால் வண்டு பெருகாது. தண்டிற் காயம் ஏற்படுத்தாதீர்.

பயன்

பாளை விரியுமுன் பக்குவம்செய்து, நாளிருமுறை நுனியை மெல்லியதாகச் சீவிப் பதநீர் இறக்குவர். முட்டியைக் கழுவிக் காயவைத்து, ஹல் மரப்பட்டை இட்டால் புளிப்பு தாமதிக்கும். இறக்கிய பதநீரை உடனே காய்ச்சுக. இளகிய பதத்தில் பாணியும், இறுகிய பதத்தில் கருப்பட்டியும் கிட்டும். சீனிப்பாகு கலந்த பாணி ஊர் முழுவதன் பெயரையும் கெடுக்கும். தண்டின் சோற்றிலிருந்து கித்துள் மா எடுக்கலாம். பூத்து முடிந்த மரத்தில் மாச்சத்து குன்றிவிடும். கரிய நார் கயிற்றுக்கும் தூரிகைக்கும் உதவும்.

எச்சரிக்கை

மரமேறிகள் தவறிவிழுந்து உயிரிழப்பதும் முடமாவதும் உண்டு. மழையிற் பாசி படர்ந்த தண்டில் ஏறலாகாது. கட்டிய ஏணிக்கொம்புகளையும் கயிறுகளையும் ஏறுமுன் ஒவ்வொரு நாளும் சோதிக்க. இடுப்பிற் பாதுகாப்புக் கச்சை அணிக. தனியே ஏறாதீர், கீழே ஒருவர் நிற்றல் வேண்டும். ஒரு முட்டிப் பதநீர் போனால் மறுநாள் வரும். போன உயிர் வராது.