புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகள்: 5 நம்பிக்கைகள், 5 உண்மைகள்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனிக்கவென்றே மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1991இல் தனிப் பிரிவு தொடங்கியது. நம் வீடுகளிலோ ஒன்று பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம், அல்லது நோய் வந்ததையே மறந்துவிடுகிறோம். இரண்டும் தவறு.

நம்பிக்கை 1: ஓடியாடி விளையாடினால் உடம்பு தாங்காது.

உண்மை: உட்கார வைப்பதுதான் கெடுதல். சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்ட 15,000க்கும் மேற்பட்டோரை வட அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடை, சைக்கிள், நீச்சல், இறகுப்பந்து எதுவானாலும் சரி. வின்கிரிஸ்டின் மருந்தால் பாதம் தொய்ந்த பிள்ளைக்கு முதலில் பிசியோதெரபி தேவைப்படலாம். இதயத்தைப் பாதிக்கும் மருந்து அதிகம் ஏறியவர்கள் பளுதூக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை 2: இளைத்த பிள்ளை, நெய்யும் சத்துமாவுப் பானமும் நிறையக் கொடுத்துத் தேற்ற வேண்டும்.

உண்மை: சிகிச்சைக் காலத்துக் கவலை இது. ரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டீராய்டு எடுத்த பிள்ளைகளுக்கும் தலையில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் பிற்காலத்தில் உடற்பருமன் வரும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு எலும்பையும் வலுவிழக்கச் செய்யும். எனவே கேழ்வரகு, கீரை, பருப்பு, முட்டை, மீன், மோர், பழம் என வீட்டுச் சாப்பாடே போதும். பாக்கெட் தீனியையும் குளிர்பானத்தையும் குறையுங்கள். புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் தனிப் பழமோ லேகியமோ கிடையாது.

நம்பிக்கை 3: ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இனி மருத்துவமனை எதற்கு?

உண்மை: நோய் திரும்பும் ஆபத்து குறைந்துவிட்டது என்பது சரி. மருந்தின் பின்விளைவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிவப்பு நிறத்தில் ஏற்றப்படும் டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் ஆகியவை பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைத் தளர்த்தலாம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது, எக்கோ பரிசோதனையில்தான் தெரியவரும். சிறுநீரகக் கட்டிக்காக ஒரு சிறுநீரகத்தை இழந்தவர்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. சிஸ்பிளாட்டின் மருந்து பெற்றவர்களுக்குக் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை 4: இவ்வளவு ஊசி போட்ட உடம்புக்கு இனித் தடுப்பூசி வேண்டாம்.

உண்மை: முன்பு போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பைக் கீமோ குறைத்துவிடலாம். சிகிச்சை முடிந்து சுமார் 6 மாதத்துக்குப் பின், மருத்துவரைக் கேட்டு மறுபடி போடலாம். வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியும் அவசியம். 9 முதல் 14 வயதில் பொதுவாக 2 தவணை போடுவார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு 3 தவணை.

நம்பிக்கை 5: புற்றுநோயையே ஜெயித்தவனை ஒரு சிகரெட் என்ன செய்துவிடும்?

உண்மை: புகையிலை எல்லோருக்கும் கேடு. மார்பில் கதிர்வீச்சு பெற்ற நுரையீரலுக்கும் மருந்தால் தளர்ந்த இதயத்துக்கும் இரட்டிப்புக் கேடு. பான் மசாலா, இ-சிகரெட், மது எதையும் தொடாதிருப்பதே நல்லது. கதிர்வீச்சு பட்ட தோலை உச்சி வெயிலிலிருந்தும் காக்க வேண்டும்.

பெற்றோரே, எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் கதிர்வீச்சு என்ற விவரங்களை மருத்துவமனையில் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். பிள்ளை வளர்ந்ததும் நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுங்கள். தன் உடம்பின் கதை தெரிந்த பிள்ளையால்தான் தன்னைக் காத்துக்கொள்ள முடியும்.