இழைக் கோட்பாடும் துறைமுக குமாஸ்தாவின் கணக்கும்



மாயாபந்தரில் பல ஆண்டுகளாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பாடப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைகள் இவர்கள். அண்மைக் காலமாக இவர்கள் அடிக்கடி கேட்பது 'ஸ்ட்ரிங் தியரி' எனப்படும் இழைக் கோட்பாட்டைப் பற்றித்தான். "உலகத்துக்கு 26 பரிமாணமாமே சார், உண்மையா?" என்பார் ஒருவர். "நம் இராமானுஜன் அதை அப்போதே கண்டுபிடித்துவிட்டாராமே?" என்பார் இன்னொருவர். இவற்றைவிடக் கடினமான கேள்வியைக் கேட்டவர் ஒரு தகப்பனார். அவருடைய மகள் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து இந்தத் துறைக்கே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "சார், நாளைக்கு இந்தக் கோட்பாடு தப்புன்னு ஆயிட்டா பாப்பா படிச்ச படிப்பு என்ன ஆகும்?" என்றார். கடல் தாண்டிப் படிக்க அனுப்பும் குடும்பத்தில் இது நியாயமான கேள்வி. அவருக்கு நேரில் சொன்னதைச் சற்று விரிவாக எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இழை என்றால் என்ன? வீணையின் ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே எழுகின்றன. (நம் சர் சி.வி. இராமன் கல்கத்தாவில் இருந்தபோது வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.) எலெக்ட்ரான், ஒளித்துகள் போன்றவை புள்ளிகள் அல்ல, மிக மிகச் சிறிய இழைகள், ஒரே இழை வெவ்வேறு விதமாக அதிரும்போது வெவ்வேறு துகளாகத் தெரிகிறது என்பதே இழைக் கோட்பாட்டின் சாரம்.

இனிக் கணக்குக்கு வருவோம். குவாண்டம் விதிப்படி எந்த அதிர்வும் முழுவதுமாக ஓய்ந்துபோக முடியாது. ஒவ்வொன்றிலும் தன் அலகில் அரைப்பங்கு ஆற்றல் எப்போதும் மிஞ்சி நிற்கும். இழையில் 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் அதிர்வுகள் இருப்பதால், மிஞ்சும் மொத்த ஆற்றல் 1+2+3+4+... என்ற கூட்டுத்தொகையில் பாதி. இது முடிவிலி அல்லவா? ஆனால் இழைக் கோட்பாட்டுப் புத்தகங்கள் இதற்கு மைனஸ் 1/12 என்று விடை போட்டுவிட்டு மேலே போகின்றன. பிள்ளைகள் முகம் சுளிப்பது இங்கேதான்.

இந்த விடை 1913 ஜனவரி 16 அன்று சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன ஒரு கடிதத்தில் இருக்கிறது. எழுதியவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் 1912இல் சேர்ந்த குமாஸ்தா சீனிவாச இராமானுஜன். பெற்றவர் பேராசிரியர் ஹார்டி. இதைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்று பிப்ரவரியில் எழுதிய அடுத்த கடிதத்தில் இராமானுஜனே வேடிக்கையாகக் குறிப்பிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லரும் 1859இல் ரீமானும் வேறு வழிகளில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் மோசடி ஏதும் இல்லை என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கால்குலேட்டர் போதும், கணினி இருந்தால் நல்லது. 0.9048374 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இயல் மடக்கையின் அடிமான எண்ணை மைனஸ் 0.1 அடுக்குக்கு உயர்த்தினால் வருவது இது. 1ஐ இந்த எண்ணால் ஒருமுறை பெருக்குங்கள். 2ஐ இருமுறை, 3ஐ மூன்று முறை, இப்படியே இருநூறு வரை போய், வந்ததையெல்லாம் கூட்டுங்கள். பெரிய எண்களின் பங்கு தேய்ந்து மறைந்துவிடுவதால் தொகை அடங்கி நிற்கும். விடை 99.9167. அதாவது 100இல் 0.0833 குறைவு. 0.0833 என்பது என்ன? 1/12! தேய்மானத்தை இன்னும் மெதுவாக்கி, அடுக்கை மைனஸ் 0.01 என்று வைத்து, மூவாயிரம் எண்கள் வரை கூட்டினால் விடை 9999.9167. பெரிய பகுதி 100 என்பது 10,000 ஆகிவிட்டது. குறைவு மட்டும் அதே 1/12.

ஆகவே சாதாரணக் கூட்டலில் 1+2+3+... முடிவிலிதான், அதை யாரும் மாற்றவில்லை. அந்தத் தொகை இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று, நாம் எப்படித் தேய்த்தோம் என்பதைப் பொறுத்து வீங்குகிற பகுதி. இன்னொன்று, எப்படிச் சீராகத் தேய்த்தாலும் மாறாத மைனஸ் 1/12. வீங்குகிற பகுதி இழையின் இழுவிசைக் கணக்கில் சேர்ந்து மறைந்துவிடுகிறது. மாறாத பகுதியே இயற்பியலில் நிற்கிறது. இதே பாணிக் கணக்குக்குச் சோதனைச் சான்றும் உண்டு. வெற்றிடத்தில் மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் காசிமிர் கணக்கிட்டார். 1997இல் லாமொரோ அதைத் துல்லியமாக அளந்தார். அந்தக் கணக்கில் வருவது 1, 2, 3 ஆகியவற்றின் கன எண்களின் கூட்டுத்தொகை. அதற்கான விடையான 1/120-உம் இராமானுஜனின் அதே ஜனவரிக் கடிதத்தில் இருக்கிறது.

இப்போது 26 எப்படி வருகிறது என்று பார்ப்போம். மைனஸ் 1/12இல் பாதி மைனஸ் 1/24. இழை குறுக்காக ஆடக்கூடிய ஒவ்வொரு திசைக்கும் இவ்வளவு சேரும். இழையின் முதல் அதிர்வு ஓர் அலகு ஆற்றலைக் கூட்டும். அந்த நிலையில் கிடைப்பது ஒளித்துகள் போன்ற ஒன்று. ஐன்ஸ்டைனின் சார்பியலுக்குப் பொருந்த வேண்டுமானால் அதன் நிறை பூஜ்யமாக இருந்தாக வேண்டும். ஒன்றிலிருந்து எத்தனை 1/24ஐக் கழித்தால் பூஜ்யம் வரும்? இருபத்து நான்கு. ஆடும் திசைகள் 24. காலம் ஒன்று, நீளவாக்கில் ஒன்று என இரண்டைச் சேர்த்தால் 26. 1971இல் லவ்லேஸ் வேறொரு வழியில் முதன்முதலாக இந்த எண்ணைச் சுட்டினார். யாரோ கனவு கண்டு சொன்ன எண் அல்ல அது, கணக்கு கேட்ட எண். ஆனால் 26 பரிமாணக் கோட்பாட்டின் அடிநிலையில் ஒரு கோளாறு இருந்தது. எலெக்ட்ரான் போன்ற துகள்களுக்கும் அதில் இடமில்லை. அவற்றையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தியபோது 26 பத்தாகக் குறைந்தது. மீதி ஆறு திசைகள் எங்கே? நம் ஜெட்டியில் கப்பலைக் கட்டும் வடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கோடு. அதன்மேல் ஊரும் எறும்புக்கு மட்டும் சுற்றிவரவும் ஒரு திசை உண்டு. அதைப் போல அந்த ஆறும் மிகச் சிறிதாகச் சுருண்டிருக்கலாம் என்கிறார்கள்.

அப்படியானால் இராமானுஜன் இழைக் கோட்பாட்டைக் கண்டுபிடித்தாரா? இல்லை. அவர் மறைந்தது 1920 ஏப்ரல் 26. குவாண்டம் இயந்திரவியல் உருப்பெற்றதே 1925-26இல்தான். கைப்பேசியில் சுற்றும் பெருமைச் செய்திகளை நம்பி, கல்லூரி நேர்முகத்தில் நம் பிள்ளைகள் இதைச் சொல்லிவிடக் கூடாது. உள்ள பெருமையே போதுமானது. நான்கு அலகு ஆற்றலை ஒரு திசையில் ஆடும் இழை எத்தனை விதமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதம். இதுவே நூறு அலகு என்றால் 19,05,69,292 விதம். இத்தகைய பிரிவினைகளின் எண்ணிக்கையைக் கணிக்கும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்டார்கள். இழையின் நிலைகளை எண்ணுவதற்கு இன்றும் அந்த வழிதான். 1996இல் ஸ்ட்ரோமிங்கரும் வாஃபாவும் சில கருந்துளைகளின் என்ட்ரோபியை இழைக் கோட்பாட்டின் மூலம் கணக்கிட்டுக் காட்டியபோது, அதன் உள்ளேயும் இவ்வகை எண்ணிக்கையே இருந்தது. சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1920 ஜனவரியில், அவர் எழுதி அனுப்பிய போலித் தீட்டாச் சார்புகளையும் தபோல்கர், மூர்த்தி, சகியே ஆகிய மூவரும் 2012இல் கருந்துளைக் கணக்கோடு இணைத்தார்கள்.

இனி அந்தத் தகப்பனாரின் கேள்வி. இழைக் கோட்பாடு சோதனையால் நிறுவப்படவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழையின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டரை ஒன்றுக்குப் பின் 35 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்த அளவு என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் மோதுகருவி பார்க்கக்கூடியது சுமார் 19 பூஜ்யம் வரை. அங்கே 2012இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. இழைக் கோட்பாட்டினர் எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துகள்கள் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தக் கோட்பாடு ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. 1968இல் வெனட்சியானோ எழுதிய சூத்திரத்திலிருந்து இது பிறந்தபோது, அணுக்கருவின் வல்விசையை விளக்கவே வந்தது. 1973 வாக்கில் அந்த வேலைக்குக் குவார்க்குகளின் கோட்பாடே சரி என்று ஆகிவிட்டது. பலர் இழையை விட்டுவிட்டுப் போனார்கள். 1974இல் ஷெர்க்கும் ஷ்வார்ஸும் அதே கணக்கை எடுத்து, அதில் வேண்டாமல் வந்து நின்ற துகள் ஈர்ப்பு விசையின் துகள் என்று காட்டினார்கள். நோக்கம் தோற்றது, கணக்கு தோற்கவில்லை. 1997இல் மால்தசேனா கண்ட தொடர்பால் இழைக் கணக்கு மீண்டும் வல்விசை ஆராய்ச்சிக்கே உதவப் போனது. ஆகையால் பாப்பா படிக்கும் கணிதம் வீணாகாது என்று தகப்பனாருக்குத் தைரியமாகச் சொன்னேன். வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. ஆராய்ச்சி இடங்கள் குறைவு, போட்டி அதிகம், அதையும் சொன்னேன். சென்னைக்கு அருகே சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு உண்டு. திருப்பதி உட்படப் பல ஊர்களில் ஐசர் நிறுவனங்கள் உண்டு. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1962இல் அல்லாடி இராமகிருஷ்ணன் தொடங்கிய, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதற்கு அடுத்த படிக்கு உரியது.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக் கணக்கு. ஐந்து அலகை எத்தனை விதமாகப் பங்கிடலாம் என்று எழுதிப் பாருங்கள்; ஏழு வர வேண்டும். பிறகு பத்துக்கு முயலுங்கள். நாற்பத்திரண்டு வரும்வரை விடாதீர்கள்.