வீட்டு ரவுட்டரின் இயல்புநிலை அமைப்புகள்: எவற்றை அப்படியே விடலாம், எவற்றை மாற்ற வேண்டும்?

புதிய ரவுட்டரை மின்சாரத்தில் இணைத்து, அதன் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து வை-ஃபை கடவுச்சொல்லைக் கைபேசியில் பதித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் எந்தச் சேவை இயங்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பன போன்ற பல முடிவுகளைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே எடுத்து அக்கருவிக்குள் வைத்திருக்கிறார். இவையே இயல்புநிலை அமைப்புகள் எனப்படுகின்றன. பயனர் தாமாக மாற்றும்வரை இவையே நடைமுறையில் இருக்கும். ஆகவே, தொழில்நுட்பம் அறியாதவரையும் பாதுகாக்கும் அமைப்பையே பயனருக்கு உகந்தது எனக் கொள்ள வேண்டும். வெறும் வசதி அதற்குப் போதாது.

வசதிக்காகச் செய்யப்பட்டது ஆபத்தாக முடிந்ததற்கு டபிள்யூபிஎஸ் நல்ல எடுத்துக்காட்டு. நீண்ட கடவுச்சொல்லைப் பதிக்காமலே கருவிகளை இணைப்பது இதன் நோக்கம். பொத்தானை அழுத்தி இணைக்கலாம். அல்லது 8 இலக்க எண்ணைக் கொடுத்து இணைக்கலாம். அந்த எண்ணின் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்ப்பதற்கு மட்டுமே உரியது. எஞ்சிய 7 இலக்கங்களை 1 கோடி வகைகளில் அமைக்கலாம் என்பதால் எண் வலிமையானதாகவே தோன்றும். ஆனால் முதல் 4 இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகவே தெரிவித்துவிடுகிறது. எனவே முதற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1,000 என மொத்தம் 11,000 முயற்சிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இக்குறை 2011 டிசம்பரில் வெளிப்படுத்தப்பட்டது. பொத்தான் வழியில் இந்தக் குறை இல்லை. வீட்டிலிருப்பவர் அழுத்தினால் மட்டுமே அது இயங்கும். ஏறத்தாழ 2 நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். முதியோர் வாழும் வீட்டில் பொத்தானை வைத்துக்கொண்டு, எண் வழியை மட்டும் அணைத்துவிடுவதே தக்கது.

யூபிஎன்பி பற்றி முடிவெடுப்பது அவ்வளவு எளிதன்று. வீட்டிலுள்ள கருவிகள் எவரையும் கேளாமல் வெளி இணையத்துக்கு வழி திறந்துகொள்ள இது இடமளிக்கிறது. இது இல்லாவிடில் சில விளையாட்டுக் கருவிகள் சரிவர இயங்குவதில்லை. அத்தகைய தேவை இல்லாத வீட்டில், குறிப்பாக மலிவான கண்காணிப்புக் கேமரா உள்ள வீட்டில், அணைத்து வைப்பதே நன்று. வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியோ எந்த வீட்டுக்கும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

பொதுவான கடவுச்சொற்களின் விளைவை உலகம் 2016இல் கண்டது. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மாறி மாறி முயன்று, கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. உரிமையாளர்களில் பலர் அதை அறிந்திருக்கவும் மாட்டார்கள்.

ஐக்கிய இராச்சியத்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. உற்பத்திப் பொருள் பாதுகாப்பு மற்றும் தொலைத்தொடர்பு உட்கட்டமைப்புச் சட்டம், 2022இன் விதிகள் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளன. இணையத்துடன் இணையும் நுகர்வோர் கருவியின் கடவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் தனித்ததாக இருக்க வேண்டும். அல்லது பயனரே அமைத்ததாக இருக்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த நாள்வரை வழங்கப்படும் என்பதையும் தயாரிப்பாளர் வெளியிட வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 4 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவரை தண்டம் விதிக்கலாம். எனினும் புதுப்பிப்புக் காலம் இத்தனை ஆண்டுகள் இருக்க வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கவில்லை. நாளை அறிவிப்பதே கடமை. எனவே கடையில் விலையைக் கேட்பது போலவே அந்த நாளையும் கேட்டு வாங்குவது பயன் தரும்.

பழைய ரவுட்டரை இச்சட்டம் மாற்றிவிடாது. அதன் சீட்டிலுள்ள முகவரியை உலாவியில் பதித்தால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அதன் கடவுச்சொல்லும் வை-ஃபை கடவுச்சொல்லும் வெவ்வேறானவை: முன்னது எல்லா அமைப்புகளையும் மாற்றும் அதிகாரம் தருவது, பின்னது இணைய மட்டுமே உதவுவது. முன்னதை முதலில் மாற்றுக. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைக்குக. விருந்தினருக்கெனத் தனி வை-ஃபை இருந்தால் அதைத் தொடங்கி, கேமரா, தொலைக்காட்சி போன்றவற்றையும் அதிலேயே இணைக்கலாம்.

பின்புறத் துளையிலுள்ள மீளமைப்புப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் ரவுட்டர் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். மறந்த கடவுச்சொல்லுக்கு அது தீர்வுதான். ஆனால் செய்த மாற்றங்கள் அனைத்தும் அழிந்துவிடுவதால், அவற்றை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.