மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குவோம்
(அரசாங்கப் பல்கலைக் கழகம் தேடும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு பாடம்)

 

செலாயாங்கில் வாழும் நமக்கு விலை விசாரித்து வாங்குவது எப்படி என்று ஒருவர் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன்னே பசார் போரோங்கிற்குப் போய், வெங்காய மூட்டையின் மேற்புறத்தை மட்டும் பாராமல் அடியிலும் கைவிட்டுப் பார்த்து, நாலு கடையில் விலை கேட்டு, அதன் பிறகே பணத்தை எடுக்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், பிள்ளைகளின் மேற்படிப்பு என்னும் பெரிய கொள்முதலில் மட்டும், முதலில் வந்த ஆளிடம், அவர் சொன்ன விலைக்கு, மூட்டையைப் பிரித்துப் பாராமலே பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது ஏன்?

பிறரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இத்தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன். என் மூத்த மகன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதி முடித்த மறுமாதமே தனியார் கல்லூரி ஒன்றின் ஆள் கடைக்கு வந்தார். "இன்றைக்கே பதிந்தால் தள்ளுபடி உண்டு, பாய். நாளைக்கு இடம் இருக்காது" என்றார். பரீட்சை முடிவு வருமுன்பே ஆயிரம் வெள்ளி முன்பணம் கட்டினேன். முடிவு வந்தபோது பையன் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான். அரசாங்கத்தின் வாசல்கள் திறந்திருந்தன. கட்டிய பணம் போய்விடுமே என்று அஞ்சி அவற்றை நாங்கள் தட்டவே இல்லை. ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்றப் போய், அவன் அம்மாவின் நகைகளை விற்றோம். இன்று அவன் வேலையில் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் சம்பளத்தில் ஒரு பங்கு மாதந்தோறும் கடனுக்கே போகிறது.

இளையவள் முறை வந்தபோது, "அத்தா, நான் ஆறாம் படிவம் படிக்கிறேன். ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். "ஒன்றரை வருஷம் வீணாகுமேம்மா" என்றேன். "வீணாகாது அத்தா, மிச்சமாகும்" என்றாள். அவள் சொன்னதே சரியாயிற்று. இன்று அரசாங்கப் பல்கலைக் கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளிடமும், இவ்வழியில் சென்ற பிற பிள்ளைகளிடமும் நான் கற்றுக்கொண்டதையே இங்கே முறையாக எழுதுகிறேன்.

1. அரசாங்கப் பல்கலைக் கழகம் எது?

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக் கழகங்கள் மொத்தம் 20. இவற்றுள் மலாயாப் பல்கலைக் கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம், பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக் கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக் கழகம், ஜொகூரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் ஆகிய ஐந்தும் ஆராய்ச்சிப் பல்கலைக் கழகங்கள் என வகுக்கப்பட்டவை.

செலாயாங்கில் இருப்பவர்க்கு இவற்றுட் பல கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. மலாயாப் பல்கலைக் கழகம் லெம்பா பந்தாயில் இருக்கிறது. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகம் பக்கத்துக் கோம்பாக்கில் இருக்கிறது. புத்ரா பல்கலைக் கழகத்துக்கு, 2023-ஆம் ஆண்டு மார்ச்சு முதல், கம்போங் பத்துவில் ஏறினால் மாறாமல் ஒரே ரயிலில் போகலாம். வடக்கே தஞ்சோங் மாலிமில், 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி 1997-இல் பல்கலைக் கழகமான சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக் கழகம் இருக்கிறது. தமிழாசிரியராக விரும்புவோர்க்கு அங்கே தமிழ்க் கல்விப் பட்டப்படிப்பு உண்டு.

பெயரைப் பார்த்து ஏமாறலாகாது. பெயரில் 'மலேசியா' என்றோ மாநிலத்தின் பெயரோ இருப்பதால் மட்டும் ஒன்று அரசாங்கப் பல்கலைக் கழகம் ஆகிவிடாது. சிலாங்கூர்ப் பல்கலைக் கழகம் மாநில அரசைச் சார்ந்ததாயினும் சட்டப்படி தனியார் பல்கலைக் கழகமே. மின்சார வாரியம், பெட்ரோனாஸ் ஆகியவை நடத்துவனவும் அவ்வாறே. இவை தரம் குறைந்தவை என்று நான் சொல்லவில்லை. கட்டணம் வேறு என்றே சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்கு அருகே சுங்கை பூலோவில் வளாகம் வைத்திருக்கும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக் கழகம், மலேசிய மாணவர்களுள் பூமிபுத்ராக்களையே இளநிலைப் படிப்புகளில் சேர்க்கிறது. நம்மிற் பலர் இந்தியர் எனப் பதிவானவர்கள். பிறப்புப் பத்திரத்தில் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு இராது. அந்த ஒரு வாசல் நமக்கில்லை என்றால், மற்றப் பத்தொன்பதையும் தட்டாமல் விட்டுவிடுவதா?

2. எவ்வழியாகச் சேர்வது?

வழிகள் நான்கு.

முதலாவது, ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டில், மூன்று பருவங்களாக எஸ்.டி.பி.எம். பரீட்சை நடக்கிறது. ஒரு பருவத்தில் தவறினாலும் திரும்ப எழுத வழியுண்டு. படிப்பது அரசாங்கப் பள்ளியிலாதலால் செலவு மிகச் சொற்பம். எந்த இனத்தவர்க்கும் ஒதுக்கீடு என்ற பேச்சில்லை. வெளிநாட்டுப் பல்கலைக் கழகங்களும் இச்சான்றிதழை மதிக்கின்றன.

இரண்டாவது, மெட்ரிகுலேஷன். பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. இதில் இடங்களிற் பெரும்பகுதி பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனினும், எஸ்.பி.எம்மில் பத்து 'ஏ'யும் அதற்கு மேலும் பெற்றவர்க்கெல்லாம் இன வேறுபாடின்றி இடம் தரப்படும் என 2024-இல் பிரதமர் அறிவித்தார். அதற்குக் குறைந்தவர்களும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிப்பதற்குச் செலவொன்றுமில்லை.

மூன்றாவது, பல்கலைக் கழகங்களே நடத்தும் அடிப்படைப் படிப்பு. மலாய் மொழியில் 'அசாசி' என்பது இதுவே.

நான்காவது, டிப்ளோமா. பொலிடெக்னிக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளை அங்கே டிப்ளோமா பெற்றுப் பின்னர்ப் பட்டப் படிப்பிற் சேரலாம். புத்தகப் படிப்பில் சற்றே பின்தங்கிய பையனை 'இவனுக்குப் படிப்பு வராது' என்று கல்லாவில் உட்கார வைத்துவிடும் தந்தைமார், இந்த வாசலை ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றில் மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பம் தனி. அசாசி, டிப்ளோமா, பட்டப் படிப்பு ஆகியவற்றுக்கு யு.பி.யு. என்னும் மத்திய அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக ஆண்டின் முற்பகுதியிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். பட்டப் படிப்பிற்கு எஸ்.பி.எம்மில் மலாய் மொழியில் கிரெடிட்டும், வரலாற்றில் தேர்ச்சியும், பின்னர் 'மூயெட்' ஆங்கிலப் பரீட்சையும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற மதிப்பெண்கள் எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை.

நிற்க. தகுதிப் புள்ளிகள் நூற்றில் தொண்ணூறு பரீட்சைக்கு. பத்து புறப்பாட நடவடிக்கைகளுக்கு. இந்தப் பத்தில்தான் நம் பிள்ளைகள் தோற்கிறார்கள். காரணம் நாமே. பள்ளி விட்டதும் "கடைக்கு வா" என்கிறோம். சாரணர் இயக்கத்துக்கும் பந்தாட்டத்துக்கும் சொற்போருக்கும் போகும் பிள்ளையை ஊர்சுற்றி என்கிறோம். மருத்துவம், பொறியியல் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் அரைப் புள்ளி குறைந்தவனும் வெளியே நிற்க நேரலாம். வாரத்தில் இரு மாலைப் பொழுதைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். அன்று கல்லாவில் நீங்களே நில்லுங்கள்.

3. செலவுக் கணக்கு

அரசாங்கப் பல்கலைக் கழகத்தில் கல்விச் செலவின் பெரும் பங்கை அரசாங்கமே ஏற்கிறது. மாணவர் கட்டுவது, பெரும்பாலான பட்டப் படிப்புகளில் ஒரு பருவத்துக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டியே இருக்கும். தனியார் துறையில் அதே பட்டத்துக்குப் பல பதினாயிரம் ஆகும்; மருத்துவமாயின் லட்சக் கணக்கில் போகும். ஆயினும் கட்டணம் ஒன்றையே பார்த்துக் கணக்கை மூடிவிடக் கூடாது. பேரேட்டில் இன்னும் நான்கு வரிகள் உண்டு.

தங்குமிடம்: விடுதியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. முதலாண்டுக்குப் பிறகும் விடுதி கிடைக்குமா, வெளியே அறை எடுக்க நேருமா என்று விசாரிக்க வேண்டும்.

தூரம்: கெடாவின் சிந்தோக்கிலோ சபா, சரவாக்கிலோ இடம் கிடைத்தால், ஆண்டுக்கு எத்தனை முறை ஊர் வந்து போக வேண்டியிருக்கும் என்று கணக்கிட வேண்டும். தூரம் என்பதற்காக மறுத்துவிட வேண்டாம். தெரிந்து ஏற்க வேண்டும்.

காலம்: மூன்றாண்டில் முடிவதும் ஐந்தாண்டில் முடிவதும் ஒரே செலவல்ல.

வாசல்: சில பல்கலைக் கழகங்கள் யு.பி.யு. வழியன்றி நேரடியாகவும் மாணவரைச் சேர்க்கின்றன. மலாயாப் பல்கலைக் கழகத்தில் 'சாத்து' எனப்படும் வழி அத்தகையது. இடம் அதே இடந்தான், கட்டணம் பன்மடங்கு. "மலாயாப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது" என்று மகிழுமுன், எந்த வாசல் வழியாக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கும் இக்கணக்கே பொருந்தும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் வெளிநாட்டவர்க்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று பொருளல்ல.

4. பணத்துக்கு வழி

முதலில் உபகாரச் சம்பளம் தேடுங்கள். பொதுச் சேவைத் துறையும் பெரிய நிறுவனங்களும் தருகின்றன. அதற்கடுத்து, சிலாங்கூரில் குடியிருக்கும் வசதி குறைந்த முஸ்லிம் குடும்பத்தார் சிலாங்கூர் ஸக்காத் வாரியத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நம்மிற் பலர் வெட்கத்தினால் அப்பக்கம் போவதில்லை. உரியவர்க்கு உரியது அது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகவே பி.டி.பி.டி.என். கல்விக் கடன். 1997-இல் ஏற்படுத்தப்பட்ட இவ்வமைப்பு பல்லாயிரம் பேருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு விழுக்காடு சேவைக் கட்டணம் உண்டு. முதல் வகுப்பில் தேறுவோர்க்கு, விதிகளுக்கு உட்பட்டு, திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் கிடைக்கும். ஆனால் பிள்ளைகளே, இது கடன். உபகாரச் சம்பளம் அன்று. கொடுக்கும் தொகை முழுவதையும் வாங்க வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. தேவையான அளவே வாங்குங்கள்.

5. துறையைத் தேர்ந்தெடுத்தல்

யு.பி.யு. வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் சென்ற ஆண்டின் சராசரித் தகுதிப் புள்ளி காட்டப்படுகிறது. உங்கள் புள்ளியோடு அதை ஒப்பிடுங்கள். எல்லாத் தெரிவுகளையும் எட்டாத உயரத்தில் வைக்காமல், இரண்டு மூன்றை ஆசைக்கும், நாலைந்தைத் தகுதிக்கும், மீதியைப் பாதுகாப்புக்கும் வைப்பது விவேகம். மருத்துவம், ஆசிரியர் பயிற்சி போன்றவற்றுக்கு நேர்முகத் தேர்வு உண்டு; அழைப்பு வந்ததா என்று நாள்தோறும் பாருங்கள். பொறியியல், மருத்துவம் முதலியவற்றில், அந்தந்தத் தொழில் மன்றம் அப்பட்டத்தை ஏற்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். தவணை குறுகியது, ஆகவே அழுதுகொண்டு உட்கார நேரமில்லை.

முடிவாக ஒரு வார்த்தை. மலாயாப் பல்கலைக் கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கே இந்திய இயல் துறை 1956-இல் அமைந்தது. அத்துறையின் தமிழ் நூலகத்துக்காக 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். அன்று கொடுத்தவர்களிற் பலர் பல்கலைக் கழகத்தின் படியைக்கூட மிதிக்காத எளிய மக்கள். தம் பிள்ளைகளோ பிறர் பிள்ளைகளோ ஒரு நாள் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள் என்று நம்பிக் கொடுத்தார்கள். அந்த நாற்காலி இன்றும் இருக்கிறது. அதில் நம் பிள்ளை உட்காராமல் போனால், காரணம் பணமில்லாமை அன்று, விசாரியாமையே.

இவ்வாண்டு எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும், ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளில் மேற்சொன்ன நான்கு வழிகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் போட்டுப் பாருங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பதறாத காரியம் சிதறாது.