ஏலமலையில் கம்பியில்லா மைக்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையிலோ ஏலத்தோட்டத்து நிழலிலோ ஒருவரின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்ய விரும்புவோர், சட்டையில் செருகும் மைக்கைக் காட்டிலும், கைபேசியில் பொருத்தும் தீப்பெட்டியளவு ரிசீவரில் அதிக சிரத்தை கொள்வது அவசியம். இச்சாதனங்களிற் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன; அவ்வலைகளை நீர் கிரகித்துக்கொள்ளும் ஆதலால், நீர் மிகுந்த மனித சரீரமோ, ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்த ஏலச்செடிகளின் ஈர இலைகளோ குறுக்கிட்டால், பெட்டியில் அச்சிட்ட தூரம் (அது திறந்த வெளிக்கான கணக்கு) வெறும் அலங்காரமாகவே நின்றுவிடும். ஆகவே பேசுபவர் முதுகைத் திருப்பாமலும், ரிசீவர் பைக்குள் மறையாமலும், மைக்கும் ரிசீவரும் நேருக்கு நேர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, துணி உரசாத இடத்தில் செருகுங்கள். ஆடிக் காற்றில் ரோம உறையின்றிப் பதிவு செய்வது வீண் பிரயாசை. பேச்சு நடுவே அழைப்பு வந்து குலைக்காதிருக்க, கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுக.

குளிர்ந்த மேட்டிலிருந்து வெப்பமான ஊருக்கு இறங்கியதும் பையைத் திறந்தால் கருவியில் நீர் படியும். சற்றுப் பொறுத்துத் திறப்பதே உசிதம்.

புறப்படுமுன் சில விநாடிகள் பதிந்து கேளுங்கள். ரிசீவர் செருகியிருக்கையில் சில கைபேசிகளில் ஒலி வெளிவராது. அதைக் கழற்றினால் கேட்கும்.