ஊதினால் தெரியும் வயிற்றுக் கிருமி

"வண்டிய ஓரம் கட்டுங்க, இதுல ஊதுங்க" என்று போலீசார் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையிலும் சில சமயம் ஊதச் சொல்வார்கள். அங்கே தேடுவது மதுவை அல்ல, நோயை.

இரத்தத்தில் உள்ள, ஆவியாகக் கூடிய பொருள்கள் நுரையீரல் வழியாக மூச்சில் கலந்து வெளியேறுகின்றன. 1971-இல் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், மனித மூச்சில் சுமார் 250 வேதிப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார். இந்த அறிவு இன்று நேரடியாகப் பயன்படும் ஓர் இடம், யூரியா மூச்சுப் பரிசோதனை.

எதற்கு இந்தப் பரிசோதனை?

வயிற்றுப்புண்ணுக்குக் காரம், கவலை மட்டுமே காரணம் என்று முன்பு நினைத்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி முக்கியக் காரணம் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்தார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கவனிக்காமல் விட்டால் இந்தக் கிருமியால் இரைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும்.

எப்படிச் செய்வார்கள்?

1. வெறும் வயிற்றில் முதலில் ஒரு பையில் ஊத வேண்டும்.
2. கார்பன்-13 சேர்ந்த யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். இந்த வகைக் கார்பனில் கதிர்வீச்சு கிடையாது.
3. சுமார் அரை மணி நேரத்துக்குள் மறுபடி ஊதச் சொல்வார்கள்.

கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறும். இரண்டாவது பையில் கார்பன்-13 கூடியிருந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஊசியும் இல்லை, வாய்வழிக் குழாயும் இல்லை.

இதை மறக்காதீங்க!

கடையில் நாமாக வாங்கிப் போடும் 'கேஸ் மாத்திரை' இந்தப் பரிசோதனையை ஏமாற்றிவிடும். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவை கிருமியை அடக்கி வைப்பதால், இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். பொதுவாக இவற்றை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை 4 வாரமும் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் சொல்வது சுலபம்.

இரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் மூச்சுப் பரிசோதனை மட்டும் போதாது. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று: "போனில் ஊதுங்க, நோயைச் சொல்றோம்" என்று எந்தச் செயலி சொன்னாலும் நம்பாதீர்கள். சாதாரண போனின் மைக்குக்குச் சத்தம்தான் கேட்கும். மூச்சில் உள்ள வேதிப்பொருளை அதனால் அளக்க முடியாது.